பத்தாம் பக்கம் எட்டாம் பக்கமான கதை

ஃபோல்டரில் ‘பக்கம்-0000’ என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் எங்கோ சொதப்பியிருக்கிறேன் என்று உறைத்தது. எந்த நோட்டிலும் பூஜ்யமாம் பக்கம் கிடையாதே. கீழே இறங்கிப் பார்த்தால் 0063க்கு அடுத்து நேராக 0100 நின்றது. ‘பக்கம்-0008’ஐத் திறந்தால் பத்தாம் பக்கம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். பெயர் மாற்றும் கட்டளையை ஓட்டும் முன் 144 படங்கள் இருந்தன, இப்போது 109. மீதி 35 எங்கே போயின என்று குப்பைத் தொட்டியில் தேடிப் பயனில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் டெர்மினலுக்குக் குப்பைத் தொட்டி கிடையாது.

வேலை என்னவோ எளிதாகத்தான் தொடங்கியது. நண்பர் ஒருவரும் நானும் பன்னிரண்டு கையெழுத்து நோட்டுகளை ஸ்கேன் செய்து முடித்திருந்தோம். மொத்தம் 1,412 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில் தட்டச்சு செய்த ஓர் எழுத்துக் கோப்பு. இவை எல்லாவற்றையும் இணைப்புகளாகப் பட்டியலிடும் ஓர் அட்டவணைப் பக்கம். இரண்டு பேர், இரண்டு ஸ்கேனர், பல மாதங்கள் என்பதால் பெயர்கள் ஆளுக்கொரு விதம். சிலது ‘ஸ்கேன் (1)’, சிலது ‘001’, சிலது தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்ட நீளப் பெயர். பெயரின் கடைசியில் வரும் வால் ஒட்டும் அப்படியே: ஜேபிஜி என்பது ஓரிடத்தில் பெரிய எழுத்தில், ஓரிடத்தில் சிறிய எழுத்தில், இன்னோரிடத்தில் நடுவே ஓர் ‘ஈ’ சேர்ந்து. எல்லாவற்றையும் 0001 முதல் 1412 வரை ஒரே வரிசையாக்க வேண்டும். அப்புறம் மங்கலாக வந்த 96 பக்கங்களை மறுபடி ஸ்கேன் செய்திருந்தோம், அவற்றைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். கடைசியாக அட்டவணையில் உள்ள பெயர்களையும் மாற்ற வேண்டும். இந்தப் பதிவு அந்த மூன்று வேலைகளின் கதை.

ஒரு வார்த்தை: கட்டளைகளை நாம் வாயால் சொல்கிறபடியே இங்கே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் அந்த 35 பக்கங்கள் எப்படிக் காணாமல் போயின என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நோட்டின் படங்கள் 001 முதல் 144 வரை ஒழுங்காகவே இருந்தன. மூன்று இலக்கத்தை நான்காக்க வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸின் பாஷ் ஷெல்லில் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒரு ஃபார் லூப் எழுதி, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லி, பெயரிலிருந்து எண்ணைப் பிய்த்தெடுத்து, அதை பிரிண்ட்எஃப் கட்டளையிடம் கொடுத்து, நான்கு இலக்கமாக முன்னால் பூஜ்யம் நிரப்பித் தரச் சொன்னேன். பார்க்க எந்தக் குற்றமும் இல்லாத லூப்.

ஆனால் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைக் கண்டால் பிரிண்ட்எஃப் அதை எட்டடிமான எண்ணாக, அதாவது 0 முதல் 7 வரை எட்டே இலக்கங்களால் எழுதிய எண்ணாக, எடுத்துக்கொள்ளும். 010 என்றால் அதற்கு எட்டு. 011 என்றால் ஒன்பது. 077 என்றால் 63. அதனால்தான் பத்தாம் பக்கம் எட்டாம் பக்கமானது, வரிசையும் 63இல் நின்றது. 100க்கு மேல் முன்னால் பூஜ்யம் இல்லாததால் அவை பிழைத்துக்கொண்டன.

இது மட்டும் என்றால் வெறும் இடமாற்றம், சரிசெய்துவிடலாம். 8, 9 என்ற இலக்கங்களில்தான் உயிர்ச்சேதம். எட்டடிமானத்தில் அந்த இலக்கங்களே இல்லை. 018 என்று கொடுத்தால் பிரிண்ட்எஃப் ‘செல்லாத எண்’ என்று முனகிவிட்டு, அதுவரை படித்த ‘01’ஐ மட்டும் வைத்து 0001 என்று விடை தரும். 019க்கும் அதே 0001. 008, 009, அப்புறம் 080 முதல் 099 வரை எல்லாவற்றுக்கும் 0000. விடை வந்ததும் எம்வி கட்டளை கேள்வி கேட்காமல் பெயரை மாற்றும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதன்மேல் ஏறி உட்காரும். இப்படி 22 கோப்புகள் 0000 என்ற ஒரே நாற்காலிக்குப் போட்டி போட்டதில் கடைசியாக வந்த 099 மட்டும் மிஞ்சியது. 0001 முதல் 0007 வரை ஒவ்வொன்றிலும் மூன்று பேர் ஏறி, இரண்டு பேர் போனார்கள். 21ம் 14ம் சேர்ந்தால் 35. கணக்கு சரியாக வந்தபோது ஒரு சின்ன திருப்தி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பிரிண்ட்எஃப் எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தது. 36 முறை எச்சரித்தது. அதற்கு முன் ஓட்டிய வேறொரு கட்டளை தேவையில்லாமல் கத்துகிறது என்று பிழைச் செய்திகளையெல்லாம் டெவ்-நல் என்ற பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டிருந்தேன். மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியைத் திருத்தி எழுதும்போது அந்த வாலும் கூடவே வந்துவிட்டது.

இதற்கான மருந்து ஒரு சின்ன ஒட்டு. பாஷின் கணக்கு அடைப்புக்குள் எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்தால், ‘இது பத்தடிமானம், வேறு எதுவும் யோசிக்காதே’ என்று பொருள். $((10#018)) என்பது பதினெட்டுதான். அதை பிரிண்ட்எஃப்புக்குக் கொடுத்தால் 0018 வரும். நண்பரின் பென் டிரைவில் முதல் நோட்டின் அசல் படங்கள் இருந்ததால் பிழைத்தேன்.

அன்றைக்கு இரவு வேலையை நிறுத்திவிட்டு, அடுத்த நாள் வேறு விதமாகத் தொடங்கினேன். முதல் காரியம், காப்பு. 1,412 படங்களையும் முழுசாக நகலெடுக்க வட்டில் இடம் குறைவு. ஆனால் பெயர் மாற்றுவதற்கு முழு நகல் தேவையே இல்லை. லினக்ஸில் ஃபோல்டர் என்பது ஒரு பெயர்ப் பட்டியல்தான்: இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஐநோட் என்கிற எண். கோப்பின் உள்ளடக்கம் அந்த ஐநோட்டோடு சேர்ந்தது, பெயரோடு அல்ல. எம்வி ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றும்போது இந்தப் பட்டியலின் ஒரு வரியை மாற்றுகிறது, உள்ளடக்கத்தின் ஒரு பைட்டைக்கூடத் தொடுவதில்லை. நகலெடுக்க நிமிடக்கணக்கில் ஆகும் ஒரு ஃபோல்டர், பெயர் மாற்றும்போது கண் இமைக்கும் நேரத்தில் முடிவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே ஒரே ஐநோட்டுக்கு இரண்டு இடத்தில் பெயர் கொடுத்துவைத்தால் போதும். அதுதான் ஹார்ட் லிங்க். நகலெடுக்கும் சிபி கட்டளைக்கு ‘-ஏஎல்’ என்று இரண்டு எழுத்தைக் கொடுத்தால், முழு ஃபோல்டர் மரத்தையும் ஹார்ட் லிங்க்குகளாக இன்னோரிடத்தில் நட்டுவிடும். வட்டில் கிட்டத்தட்ட இடமே பிடிக்காது. எம்வி ஒரு பக்கத்தில் எதன்மேல் ஏறி உட்கார்ந்தாலும் மறுபக்கத்தில் பழைய பெயர் ஐநோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், கோப்பு அழியாது. இதற்கு இரண்டு இடமும் ஒரே வட்டுப் பகுதியில் இருக்க வேண்டும். வட்டே செத்துப்போனால் இந்தக் காப்பு உதவாது. என் கைத்தவறிலிருந்து மட்டும் காப்பாற்றும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இதே காப்பு அடுத்த வேலையில் என்னைக் கைவிடப் பார்த்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது காரியம், லூப்பிலேயே பெயர் மாற்றுவதை விட்டேன். பழைய பெயர், ஒரு டேப், புதிய பெயர் என்று 1,412 வரிகளுடன் ஒரு பட்டியல் கோப்பை முதலில் உருவாக்கினேன். எந்தக் கோப்பையும் தொடவில்லை. பட்டியலைக் கண்ணால் பார்க்கலாம், தப்பை எடிட்டரில் திருத்தலாம், நண்பருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லலாம். பாதி கட்டளையால் உருவாக்கினேன், ஒழுங்கில்லாத பெயர்களைக் கையால் தட்டினேன். எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் அடைத்துவிட வேண்டும் என்ற ஆசை பெரிய நேர விரயம்; முப்பது விதிவிலக்குக்காக மூன்று மணி நேரம் கோலம் போடுவதைவிட முப்பது வரியைத் தட்டிவிடுவது மேல்.

பட்டியல் தயாரிக்க, கோப்பின் பெயரைப் பிடித்துவைக்கும் பாஷ் மாறியின் சின்னச் சின்ன வெட்டுகளே போதும். மாறியின் பெயரை அடுத்து # போட்டால் தலைப்பக்கம் வெட்டும், % போட்டால் வால்பக்கம் வெட்டும், / போட்டால் நடுவில் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும். எது எந்தப் பக்கம் என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன். வழக்கமான கீபோர்டில் $ குறிக்கு இடப்பக்கம் # இருக்கிறது, வலப்பக்கம் % இருக்கிறது. இடம் தலை, வலம் வால். இதைக் கவனித்த நாளிலிருந்து குழப்பம் இல்லை.

‘ஸ்கேன் (1)’ வகைப் பெயர்களில் வேறு தொல்லை. ஷெல் அவற்றை அகர வரிசையில் தருவதால் 1க்கு அடுத்து 10, அப்புறம் 100, அதற்கும் பிறகுதான் 2. இதே வரிசையில் எண் போட்டிருந்தால் நோட்டே கலைந்திருக்கும். வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குப் பெரிய ‘வி’ விருப்பத்தை (கட்டளையோடு ஒட்டிக் கொடுக்கும் குறிப்பு) கொடுத்தால் எண்ணை எண்ணாகப் பார்த்து 1, 2, 3 என்று அடுக்கும். இடைவெளியும் அடைப்புக்குறியும் உள்ள பெயர்களுக்கு மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள், அவ்வளவுதான்.

எதிர்பாராத இடத்தில் மாட்டியது தமிழ்ப் பெயர்களில். ஃபோல்டர்களுக்கு ‘நோட்டு-01’ முதல் ‘நோட்டு-12’ வரை பெயர் வைத்திருந்தோம். டெர்மினலில் ‘நோட்டு*’ என்று, அதாவது ‘நோட்டு’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் கேட்டு, அடித்தால் ஏழு ஃபோல்டர்தான் வந்தது. மீதி ஐந்தும் கண்ணெதிரே இருக்கின்றன, எழுத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் ஷெல் ‘தெரியாது’ என்கிறது. பெயரை டபிள்யூசி கட்டளைக்குக் கொடுத்து பைட் எண்ணிக்கை பார்த்தேன். ‘நோட்டு’ என்ற சொல் ஒன்றில் 18 பைட், இன்னொன்றில் 21. யூனிகோடில் ‘ோ’ என்ற குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு எழுத்தாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் அந்த மூன்று பைட் வித்தியாசம். ‘ொ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதைதான். ஐந்து ஃபோல்டரும் நண்பரின் கணினியிலிருந்து வந்தவை; வழியில் எந்த மென்பொருளோ எழுத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறது.

இதற்கென்றே கான்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. கோப்புகளின் உள்ளே கைவைக்காமல் பெயர்களின் குறியாக்கத்தை மட்டும் மாற்றும். என்எஃப்சி என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பிரிந்த குறிகளைச் சேர்த்துவிடும். இதன் குணத்தில் எனக்கு மிகப் பிடித்தது, சும்மா ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று சொல்லுமே தவிர எதையும் செய்யாது. ‘நோடெஸ்ட்’ என்று தனியாகச் சொன்னால்தான் உண்மையில் மாற்றும். எம்வியும் இப்படிப் பிறந்திருக்கலாம்.

நீளத்திலும் தமிழுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. எக்ஸ்ட்4 போன்ற கோப்பமைப்புகளில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடு, அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியையே பெயராக வைக்கலாமே என்று நண்பர் சொன்ன யோசனை அங்கேயே முடிந்தது.

பட்டியல் கைக்கு வந்ததும் சோதனை. வரிகள் 1,412 இருக்கின்றனவா? இருக்கின்றன. புதிய பெயர்களின் நெடுவரிசையை மட்டும் கட் கட்டளையால் பிரித்து, சார்ட்டுக்கு அனுப்பி, யூனிக்குக்கு ‘-டி’ கொடுத்தேன். இரண்டு முறை வரும் பெயர்களை மட்டும் அது சொல்லும். எதுவும் வரக்கூடாது. மூன்று வந்தன. ஒரே ஃபோல்டரில் ஒரே எண்ணில் பெரிய எழுத்து ஜேபிஜி ஒன்றும் சிறிய எழுத்து ஜேபிஜி ஒன்றும் இருந்திருக்கின்றன. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். வால் ஒட்டைச் சிறிய எழுத்தாக்கினால் ஒரே பெயர். திறந்து பார்த்ததில் மூன்று ஜோடியும் வெவ்வேறு பக்கங்கள். பட்டியல் இல்லாமல் லூப்பில் ஓட்டியிருந்தால் மூன்று பக்கம் சத்தமில்லாமல் போயிருக்கும். இரண்டு ஸ்கேனரும் தங்கள் இஷ்டத்துக்கு எண்ணிய விளைவு. எண்களைக் கையால் திருத்தினேன்.

ஓட்டுவதற்கு வைல் லூப்பில் பட்டியலை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் இதைச் செய்யச் சொன்னேன்:

எம்வி -என்வி -- "பழைய பெயர்" "புதிய பெயர்"

‘என்’ என்பது இருக்கும் கோப்பின்மேல் ஏறாதே என்பதற்கு. ‘வி’ என்பது செய்ததை வாய்விட்டுச் சொல் என்பதற்கு. அதை அப்படியே ஒரு பதிவுக் கோப்பில் பிடித்துக்கொண்டேன். நடுவில் உள்ள இரண்டு கோடு, பெயரே கோட்டில் தொடங்கினால் அதை விருப்பம் என்று எம்வி தப்பாக நினைக்காமல் இருக்க.

அதைவிட முக்கியம், புதிய பெயர்கள் எல்லாம் ஒரு புதிய காலி ஃபோல்டருக்குள் போகும்படி வைத்தது. இதன் அருமை சில நாள் கழித்துத் தெரிந்தது. 0638ஆம் பக்கத்துக்கு முன் ஒரு பக்கம் விட்டுப்போனதை நண்பர் கண்டுபிடித்தார். ஆக 638 முதல் 1412 வரை 775 படங்கள் ஒவ்வொன்றும் ஓர் எண் மேலே ஏற வேண்டும். அதே ஃபோல்டருக்குள் கீழிருந்து மேலாக மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரு பொய் ஃபோல்டரில் பார்த்தேன். இருபது வெற்றுக் கோப்புகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் பழைய பெயரையே எக்கோவால் எழுதிவைத்தது. யார் எங்கே போனார்கள் என்று உள்ளே படித்தால் தெரியும்.

‘-என்’ இல்லாத எம்வியில் 1, 2ஆகி 2ஐ விழுங்கியது. அந்த 2, 3ஆகி 3ஐ விழுங்கியது. கடைசியில் 21 என்று ஒரே ஒரு கோப்பு நின்றது, உள்ளே ‘1’ என்று எழுதியிருந்தது. இருபது பேரையும் ஒருவரே சாப்பிட்டுவிட்டு வாசலில் நிற்கிற மாதிரி. ‘-என்’ போட்டு ஓட்டினால் யாரும் சாகவில்லை, ஆனால் நகர்ந்தது கடைசிக் கோப்பு மட்டும்தான்; மற்ற எல்லாருக்கும் முன்னால் இடம் நிரம்பியிருந்தது. மேலிருந்து கீழாக இறங்கினால் சரியாக வரும். ஆனால் காலி ஃபோல்டருக்கு மாற்றும்போது எந்த வரிசையில் ஓட்டினாலும் சரிதான், மோதுவதற்கே அங்கே யாரும் இல்லை. ஒரே வட்டுப் பகுதி என்பதால் வேகத்திலும் வித்தியாசம் இல்லை. முடிந்தபின் பழைய ஃபோல்டரில் எதுவும் மிஞ்சவில்லையா என்று பார்த்தால் போதும். ‘-என்’ தயங்கி விட்டுவிட்டுப் போனது ஏதாவது இருந்தால் அங்கே மாட்டும்.

ரீநேம் என்று ஒரு கட்டளையே இருக்கும்போது ஏன் இவ்வளவு சுற்று என்று கேட்கலாம். வால் ஒட்டை மாற்றுவது போன்ற ஒற்றை வரி வேலைகளுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் ரீநேம் என்ற பெயரில் இரண்டு பேர் உலவுகிறார்கள். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் கிடைப்பது பெர்ல் மொழியில் எழுதியது. எஸ்/பழையது/புதியது/ என்ற பாணியில் சொல்ல வேண்டும். ஃபெடோரா, ஆர்ச் என்ற வேறு இரண்டு வகைகளில் அதே பெயரில் இருப்பது யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் ரீநேம். அதற்கு பழையது, புதியது, கோப்புகள் என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பெர்ல் பாணி வரியை அதனிடம் கொடுத்தால் அந்தக் கோலத்தையே பெயரில் தேடிப்பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிடும். இன்னொரு வித்தியாசம் சத்தமில்லாதது: பெர்ல் ரீநேம் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் மாற்ற மறுக்கும், மற்றது கேட்காமல் மேலே எழுதும். என் கணினியில் ஒன்று, நண்பருடையதில் மற்றது. இருவரும் ஒரே குறிப்பைப் பார்த்து ஓட்டக்கூடாது என்பதற்காகவே பட்டியலும் எம்வியும் என்று முடிவெடுத்தோம்.

எடிட்டர் பழகியவர்களுக்கு மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள விடிர் பிடிக்கும். ஃபோல்டரின் பெயர்ப் பட்டியலை எடிட்டரில் திறந்து காட்டும். திருத்திச் சேமித்தால் பெயர்கள் மாறும். ஒன்று மட்டும்: பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்கினால் அந்தக் கோப்பையே நீக்கிவிடும்.

சரி, இரண்டாம் வேலை. மறுபடி ஸ்கேன் செய்த 96 படங்கள் பென் டிரைவில், சரியான புதிய பெயரில் வந்தன. சிபி போட்டால் பழையதன்மேல் புதியது வந்துவிடும், பழையது காப்பு மரத்தில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். ஏதோ நல்ல நேரம், மூன்று படத்தில் மட்டும் வெள்ளோட்டம் பார்த்தேன். காப்பு மரத்தில் உள்ள அதே மூன்று பக்கங்களைத் திறந்தால் அங்கேயும் புதிய படம்!

யோசித்தால் சிபி தப்பே செய்யவில்லை. எம்வி பெயர்ப் பலகையைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டும். சிபியோ பழைய வீட்டுக்குள்ளேயே போய், சாமான்களை வெளியே வீசிவிட்டு, புதியதை அடுக்கும், ஐநோட் அதேதான். இரண்டு பெயரும் ஒரே வீட்டைக் காட்டுவதால் எந்த வாசல் வழியாகப் போனாலும் புதிய சாமான்தான். எல்எஸ் கட்டளைக்கு ‘-ஐ’ கொடுத்துப் பார்த்தேன், இரு பக்கமும் ஒரே எண். பெயர் மாற்றும்போது முழுக் காப்பாக இருந்த அதே ஹார்ட் லிங்க் மரம், உள்ளடக்கத்தை மாற்றும்போது காப்பே இல்லை. இழந்த மூன்றும் மங்கல் படங்கள்தான், பெரிய நஷ்டமில்லை. ஆனால் மறுஸ்கேன் 96இல் ஒன்றில் நண்பரின் கட்டைவிரல் விழுந்திருந்தது. அதற்குப் பழையதே தேவலை. அது அந்த மூன்றில் இல்லாதது அதிர்ஷ்டம்.

சிபிக்கே ‘ரிமூவ்-டெஸ்டினேஷன்’ என்று ஒரு விருப்பம் உண்டு: பழைய பெயரை முதலில் கழற்றிவிட்டு, புதிய ஐநோட்டில் எழுதும். இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க்கும் இயல்பாகவே தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துவிட்டுத்தான் பெயரை மாற்றிவைக்கும், ‘இன்பிளேஸ்’ என்று நாமாகக் கேட்காதவரை. நான் ஆர்சிங்க்கையே எடுத்தேன். ‘-என்’ போட்டால் வெறும் ஒத்திகை. ‘பேக்கப்’, ‘பேக்கப்-டிர்’ இரண்டையும் கொடுத்தால் மாற்றப்படும் பழைய கோப்புகளை ஒரு தனி ஃபோல்டரில் ஒதுக்கிவைக்கும். முடிந்ததும் அந்த ஃபோல்டரில் 96 படங்கள் இருந்தன. கட்டைவிரல் பக்கத்தை அங்கிருந்தே எடுத்துத் திருப்பிவைத்தேன். பென் டிரைவிலிருந்து வந்த படங்கள் எல்லாம் எல்எஸ்ஸில் பச்சை நிறத்தில் மின்னின, ஏதோ இயக்கக்கூடிய நிரல்கள் மாதிரி. பழைய ஃபேட் வடிவ டிரைவுகளில் அனுமதிக் குறிகள் சேமிக்கப்படாததால் வரும் கூத்து. அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளை ஒரு வரியில் தீர்ந்தது.

மூன்றாவது, அட்டவணைப் பக்கம். உள்ளே 1,412 படப் பெயர்கள், எல்லாம் பழையவை. பட்டியல்தான் கையில் இருக்கிறதே, ஒவ்வொரு வரியையும், எழுத்தைத் தேடி மாற்றும் ஒரு செட் கட்டளையாக மாற்றி வரிசையாக ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. இரண்டு வரியைப் பார்த்ததுமே நிறுத்தினேன். ஒன்று, ‘படம்1’ஐத் தேடினால் ‘படம்10’இலும் ‘படம்144’இலும் அது மாட்டும். இரண்டு, முதல் விதி மாற்றிவைத்த புதிய பெயரை ஐம்பதாவது விதி பழைய பெயர் என்று நினைத்து மறுபடி மாற்றும். கோப்புப் பெயரில் நடந்த அதே விழுங்கல் கதை, இந்தமுறை எழுத்துக்குள். பெயரில் உள்ள புள்ளி செட்டுக்கு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள்படுவது கொசுறு.

அதனால் பெர்லில் ஒரு சின்ன நிரல். பட்டியலை முழுசாக ஓர் அகராதியாக ஏற்றிக்கொண்டு, பக்கத்தை ஒரே ஒரு முறை நடந்து, இணைப்பின் மேற்கோள்களுக்கு நடுவில் இருக்கும் முழுப் பெயரையும் எடுத்து அகராதியில் தேடி மாற்றியது. ஒருமுறை மாறியதை அது திரும்பிப் பார்ப்பதில்லை. அகராதியில் இல்லாத பெயர் வந்தால் அலற வேண்டும் என்றும் சேர்த்தேன். இரண்டு அலறல் வந்தது. இரண்டுமே எப்போதோ கையால் தப்பாகத் தட்டிய இணைப்புகள், இத்தனை நாளும் உடைந்தே இருந்திருக்கின்றன.

விளைவை நேராக அதே கோப்புக்குத் திருப்பிவிடக் கூடாது. > குறி இருந்தால் ஷெல் முதலில் கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் நிரலை எழுப்பும். நிரல் படிக்க வரும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. வேறு பெயரில் எழுதி, டிஃப்பில் ஒப்பிட்டு, அப்புறம் எம்வியால் பழையதன்மேல் வைத்தேன். ஒரே வட்டுப் பகுதிக்குள் எம்வி அப்படி மாற்றும்போது அந்த நொடியில் யார் பக்கத்தைத் திறந்தாலும் ஒன்று முழுப் பழையது, இல்லை முழுப் புதியது. பாதி எழுதிய பக்கம் யாருக்கும் கிடைக்காது. இரவு முழுக்கத் திட்டிய அதே குணம், கேட்காமல் மேலே ஏறி உட்காருவது, இங்கே தேவையாக இருந்தது.

எழுத்துக் கோப்புகளுக்குள்ளும் சில இடங்களில் ‘பக்.’ என்பதை ‘பக்கம்’ ஆக்க வேண்டியிருந்தது. அதற்கு செட்டே போதும். கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப்புக்குச் சிறிய ‘எல்’லும் பெரிய ‘இசட்’டும் கொடுத்து, அந்தச் சொல் உள்ள கோப்புகளின் பெயரை மட்டும் வாங்கி, பெயர்களை வாங்கி அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸின் ‘-0’ வழியாக செட்டின் ‘-ஐ’க்கு அனுப்பினேன். ‘-ஐ’யோடு ஒட்டி ஒரு வாலைக் கொடுத்தால் பழையதை அந்த வாலோடு வைத்திருக்கும். செட் ‘-ஐ’ பெயரளவில்தான் ‘அதே இடத்தில்’; உள்ளுக்குள் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயரைத்தான் மாற்றுகிறது. ஆகவே ஹார்ட் லிங்க் காப்பு இதில் தாங்கியது. ஆனால் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டிக்காட்டும் குறுக்குவழி) ஒன்றின்மேல் ஓட்டினால் இணைப்பு போய் அந்த இடத்தில் சாதாரணக் கோப்பு உட்காரும். எங்களிடம் சிம்லிங்க் இல்லை.

எல்லாம் முடிந்து நண்பருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, மூன்றாம் நோட்டும் நான்காம் நோட்டும் இடம் மாறியிருக்கின்றன என்றார். தப்பு பட்டியலிலேயே இருந்தது, என் கண்ணிலும் படவில்லை, அவர் கண்ணிலும் படவில்லை. எம்வி, சிபி போன்றவை அடங்கிய தொகுப்பான கோர்யூட்டில்ஸின் 9.5இலிருந்து எம்விக்கு ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற விருப்பம் வந்திருக்கிறது, இரண்டு பெயர்களை ஒரே அடியில் இடம் மாற்றும். என் கணினியில் இருப்பது அதற்கு முந்தையது. இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு நோட்டிலும் பக்க எண்ணிக்கை வேறுவேறு, வெறும் இடமாற்றம் போதாது. பட்டியலின் இரண்டு நெடுவரிசைகளையும் ஆக் கட்டளையால் இடம் மாற்றி, அந்த இரண்டு நோட்டை மட்டும் பழைய பெயருக்குத் திருப்பினேன். எண்ணைத் திருத்தி, யூனிக் ‘-டி’ எதுவும் சொல்லவில்லை என்று பார்த்து, மறுபடி ஓட்டினேன். இந்தமுறை பிழைச் செய்திகளைக் கிணற்றில் தள்ளவில்லை. எதுவும் வரவும் இல்லை.